மத்தியதரைக் கடல் முறைப்படி

கோகுல்நாத்: …அதுதாந் தம்பி, அங்க சத்தமே இருக்காது. ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், ஒரு பக்கம் மல. நடுவால பழைய ரயில் போன தடம். தண்டவாளத்தப் பேத்துப் போட்டு, சைக்கிளுக்குன்னே உட்டுட்டாங்க. காரு, லாரி ஒண்ணும் உள்ள வரக்கூடாது.

பாண்டீஸ்வரன்: நம்ம எஸ்டேட்டு ரோடும் அதே மாதிரிதான் சார். கேட்டப் பூட்டிட்டா ஒரு வண்டி வராது. தேவிகுளத்துக்கு இந்தப் பக்கம் இப்படி ஒரு எடம் வேற கெடையாது. …ஏறுவமா சார்?

கோகுல்நாத்: எதுல?

பாண்டீஸ்வரன்: சைக்கிள்லதான்.

கோகுல்நாத்: சித்தெ இரு தம்பி, என்ன அவசரம். பாதைய மொதல்ல கால்ல நடந்து படிக்கோணும். சைக்கிளத் தள்ளிக்கிட்டே, மண்ணு எப்படி, சரிவு எப்படின்னு பாத்துட்டுத்தான்… ஐரோப்பாவுல அதுதான் முறை.

பாண்டீஸ்வரன்: ரொம்ப நல்ல முறை சார்.

கோகுல்நாத்: நெசமாத்தான் சொல்றயா?

பாண்டீஸ்வரன்: மனசாரச் சொல்றேன் சார். நெறையப் பேருக்கு இது தெரியிறதில்ல. வந்ததும் ஏறிர்றாங்க.

கோகுல்நாத்: உன்ற பேரு என்னன்னு சொன்ன?

பாண்டீஸ்வரன்: பாண்டீஸ்வரன் சார். பாண்டின்னே கூப்பிடுங்க. …சார், ஒரு விஷயம். லாட்ஜு முதலாளி பாஸ்கல் உங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்காரு. கொழிஞ்சாம்பாறை சைக்கிள் சங்கத்துத் தலைவரு, வெளிநாட்டு மலையெல்லாம் ஓட்டிப் பாத்தவரு, அவரு வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வந்தா உன்னைய கைடா நிரந்தரமாக்கிருவேன், வரலைன்னா நீ பழையபடி தேயிலை ஃபேக்டரிக்கே போயிருன்னாரு. எனக்கு அந்தத் தூசி சேரல சார். அங்கிட்டுப் போனா மூணாம் நாளே இருமல்.

கோகுல்நாத்: அது உன்ற கையிலதான் இருக்குது. நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளு.

பாண்டீஸ்வரன்: தெரியும் சார். ஜீப்பையே வேணாம்னுட்டீங்களே.

கோகுல்நாத்: ஜீப்பா?

பாண்டீஸ்வரன்: எப்பவும் வர்றவங்க முன்னாடி சைக்கிள்ல போவாங்க. நான் பின்னாடியே ஜீப்புல தண்ணி, பழம், பஞ்சர் சாமானெல்லாம் ஏத்திட்டு வருவேன். நீங்கதான் இஞ்சின் சத்தமே காதுல விழக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களாம். அதான் என் கையிலயும் ஒரு சைக்கிளக் குடுத்து அனுப்பிட்டாரு.

கோகுல்நாத்: வண்டியில்லாத வழின்னா வண்டியில்லாமத்தான் இருக்கோணும். கொள்கைன்னு ஒண்ணு இருக்குதல்ல.

பாண்டீஸ்வரன்: அந்தக் கொள்கைய நெனச்சுத்தான் சார் நேத்து எனக்குத் தூக்கமே வரல.

கோகுல்நாத்: அப்படித்தான் இருக்கும். மொதமொத கேக்கறப்ப ஒரு சிலிர்ப்பு வரும்.

பாண்டீஸ்வரன்: அங்க காத்து எப்படி சார்? கடல் காத்துன்னா தள்ளுமே.

கோகுல்நாத்: காத்தா… ஒரே சீரா வரும். நேரா மூஞ்சிக்கு. வேணும்னா கூட்டிக்கலாம், வேண்டாட்டிக் கொறச்சுக்கலாம்.

பாண்டீஸ்வரன்: காத்தையா சார்?

கோகுல்நாத்: அதாவது… எடத்துக்கு எடம் மாறும்னு சொல்ல வந்தேன்.

பாண்டீஸ்வரன்: ரயில் போன தடம்னா குகையெல்லாம் இருக்குமே. இருட்டா இருக்காதா?

கோகுல்நாத்: கரண்டு போனா மட்டுந்தான் இருட்டு. கரண்டு போயிட்டாக் குகை மட்டுமில்ல, கடலும் சேந்து போயிரும்.

பாண்டீஸ்வரன்: நாயி? இங்க தொழிலாளிங்க லைன் வீட்டுப் பக்கம் போனா அஞ்சாறு தொரத்தும்.

கோகுல்நாத்: அங்கயும் குறுக்கால வரும். நாம பாட்டுக்கு அதுக்குள்ள பூந்து போயிரலாம்.

பாண்டீஸ்வரன்: நாய்க்குள்ளயா?

கோகுல்நாத்: …நாய்க்குப் பக்கத்துல. நீ கேள்வி கேக்கறதுல பாதையப் பாக்க மாட்டேங்கற.

பாண்டீஸ்வரன்: கடைசியா ஒண்ணு சார். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க? அந்த ஊரு சாப்பாடு ஒத்துக்கிச்சா?

கோகுல்நாத்: எங்க ஊட்டுக்காரி யோகப்பிரியா தோசை சுட்டுக் கொண்டாந்துருவா. ஓட்டிக்கிட்டே சாப்புடுவேன்.

பாண்டீஸ்வரன்: அம்மாவும் கூடவே ஓட்டுவாங்களா?

கோகுல்நாத்: இல்ல, அவ நடந்துதான் வருவா.

பாண்டீஸ்வரன்: நீங்க சைக்கிள்ல… அவங்க தோசையோட நடந்து…

கோகுல்நாத்: மெதுவாப் போறதுதாம்பா அதோட அழகே.

பாண்டீஸ்வரன்: சரிதான் சார். …இங்கிருந்து கொஞ்ச தூரம் சமதளம். ஏறணும்னா இங்கதான்…

கோகுல்நாத்: பாசி இருக்குது பாரு.

பாண்டீஸ்வரன்: ஆமா சார், இம்புட்டுப் பாசி. நானே சொல்லணும்னு இருந்தேன்.

கோகுல்நாத்: எங்க?

பாண்டீஸ்வரன்: நீங்கதான சார் இருக்குன்னீங்க.

கோகுல்நாத்: இருக்கும்னு சொன்னேன்.

பாண்டீஸ்வரன்: பாசி இல்லாட்டியும் யானை இருக்கு சார். சைக்கிள் மேல ஆளு உக்காந்து வந்தா அதுக்குக் கோவம் வரும். தள்ளிட்டுப் போனா ஒண்ணும் செய்யாது.

கோகுல்நாத்: யானைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

பாண்டீஸ்வரன்: எஸ்டேட்டு யானை சார்.

கோகுல்நாத்: அப்பச் செரி. தள்ளு.

சுருளியம்மாள்: ஏலே பாண்டி, என்னலே ரெண்டு பேரும் சைக்கிள நடத்திக் கூட்டிட்டுப் போறீக? பஞ்சரா?

பாண்டீஸ்வரன்: எங்க அத்தை சார், சுருளியம்மா. இங்கதான் கொழுந்து எடுக்காங்க. …பஞ்சர் இல்லத்தே. ஐயா முறைப்படி போறாரு.

கோகுல்நாத்: ஐரோப்பா முறைங்கம்மா.

சுருளியம்மாள்: மாடு வாங்கிட்டு வரும்போது நாங்களும் இப்படித்தான்யா கூட்டிட்டு வருவோம். ஆமா பாண்டி, நீ எப்பலே சைக்கி…

பாண்டீஸ்வரன்: அத்தே, எடை போட நேரமாச்சு. சூப்பர்வைசர் தேடுறாரு பாருங்க.

சுருளியம்மாள்: அவரு டீ குடிக்கப் போயிருக்காருல்ல.

பாண்டீஸ்வரன்: குடிச்சிருப்பாரு. போங்கத்தே.

சுருளியம்மாள்: போறேன், போறேன். அந்த ஐயாவுக்குச் சட்டை பத்தல போல, பாவம். எங்க வீட்டுல உங்க மாமா சட்டை ஒண்ணு சும்மா கெடக்கு. வாங்கிக்கிடச் சொல்லு.

கோகுல்நாத்: இது சைக்கிள் சட்டைங்க. ஒடம்போட ஒட்டிக்கிட்டாத்தான் ஓட்டறப்பக் காத்து தடுக்காது.

சுருளியம்மாள்: நடக்கும்போதுமா?

கோகுல்நாத்: …போயிட்டாங்களா? உன்னைய என்னமோ கேக்க வந்தாங்க, நீ பாதியில வெட்டி உட்டுட்ட.

பாண்டீஸ்வரன்: அவங்க அப்படித்தான் சார், ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. உங்க போனு அடிக்குது.

கோகுல்நாத்: நம்ம பங்காளிதான், சங்கத்துச் செயலாளரு. எப்ப நான் கீழ உழுவேன், என்ற தலைவர் பதவில உக்காரலாம்னு பாத்துக்கிட்டே இருப்பான். …சொல்லு கோபிநாத்து. ஆமா, ஓட்டிக்கிட்டேதான் பேசறேன். …மூச்சு வாங்கலயா? பழக்கம்டா. …நாளைக்கா? மொத்தச் சங்கமுமா? அடுத்த மாசம்னுதான பேசுனம்? …வேனுக்குச் சொல்லியாச்சா. …ஆமா, நான் ஓட்டறத எல்லாரும் நேர்ல பாக்கோணுந்தான். அதுல என்ன சந்தேகம். …செரி வெக்கறேன், வளைவு வருது.

பாண்டீஸ்வரன்: வளைவு எதுவும் இல்லையே சார்.

கோகுல்நாத்: எனக்கு வந்துருச்சு தம்பி.

பாண்டீஸ்வரன்: உக்காருங்க சார். தண்ணி குடிங்க. நாளைக்கு எல்லாரும் வந்தா நல்லதுதான? நீங்க முன்னாடி ஓட்டிட்டுப் போங்க. நான் எல்லாருக்கும் பின்னாடி… ஜீப்புல வாரேன்.

கோகுல்நாத்: இரு, ஒரு யோசன. முதலாளிக்குப் போடறேன். …பாஸ்கலுங்களா? கோகுல்நாத்துங்க. வழி அருமை. அத உடுங்க, உங்க பையன் பாண்டி இருக்கறானே, தங்கம். இப்படி ஒரு பேலன்ஸ நான் அந்தக் கடலோரம் பூராவும் பாத்ததில்ல. நாளைக்கு எங்க சங்கத்து ஆளுக வர்றாங்க, முன்னால இவனே ஓட்டிக் காட்டட்டும். நான் கடைசில வந்து எல்லாரையும் கண்காணிச்சுக்கறேன். …நிரந்தரம் பண்ணிடறீங்களா? இப்பவேவா? ரொம்ப சந்தோசம். …பாண்டி, உன்ற வேல உறுதி. இனி ஃபேக்டரிப் பக்கம் போக வேண்டியதில்ல.

பாண்டீஸ்வரன்: …நாளைக்கு நான் முன்னாடியா சார்?

கோகுல்நாத்: ஆமா.

பாண்டீஸ்வரன்: ஓட்டிக்கிட்டு?

கோகுல்நாத்: பின்ன?

பாண்டீஸ்வரன்: எல்லாரும் பாக்க…

கோகுல்நாத்: அதுக்குத்தான வர்றாங்க. …என்ன, சந்தோசத்துல வேர்த்துப் போச்சா? என்ற நெலமதான் இன்னும் தீரல. கடைசில வர்றதுன்னாலும் ஓட்டித்தான வந்தாகோணும். பாண்டி, சுத்தி யாராச்சும் இருக்கறாங்களா பாரு.

பாண்டீஸ்வரன்: யாருமில்ல சார்.

கோகுல்நாத்: நான் அந்தக் கடலப் பாத்ததே இல்ல.

பாண்டீஸ்வரன்: சார்?

கோகுல்நாத்: எங்க தேங்காக் கொட்டாயில ஒரு ஸ்டேண்டு. அதுல சைக்கிள முடுக்கி வெச்சிருக்கறேன். எதுத்தாப்புல பெரிய டிவி, பக்கத்துல டேபிள் ஃபேனு. மிதிக்க மிதிக்க டிவில பாதை வரும், குகை வரும், கடல் வரும். அப்படியே மொத்தத் தடத்தையும் முடிச்சுப் போட்டேன். முடிச்சதும் வரைபடத்த வாட்சப்புல போட்டேன். நேர்லயே போயிட்டு வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுச் சங்கத்துல, நீங்கதான் தலைவருன்னு மாலையோட வந்து நின்னாங்க. கழுத்த நீட்டிட்டேன்.

பாண்டீஸ்வரன்: அப்ப… ரோட்டுல?

கோகுல்நாத்: ஸ்டேண்டு இல்லாம ஒரு முழம் போனதில்ல. ஒத்தப் பையன், உழுந்து கைகால ஒடச்சுக்குவேன்னு எங்கம்மா சின்னதுல சைக்கிளத் தொடவே உடல. பள்ளிக்கூடத்துக்கே காரு. …சிரிக்காத.

பாண்டீஸ்வரன்: சிரிக்கல சார். சிரிக்கிற நெலமையில நான் இல்ல.

கோகுல்நாத்: உனக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கறேன். பதிலுக்கு ஒண்ணு பண்ணு. பொழுது எறங்கறதுக்குள்ள எனக்கு இத ஓட்டக் கத்துக்குடு. பின்னால சீட்டப் புடிச்சுக்க, உட்டுராத.

பாண்டீஸ்வரன்: புடிக்கிறேன் சார். கெட்டியாவே புடிக்கிறேன். ஆனா நாளைக்கு முன்னாடி போறவன் நான்தான, அதனால நீங்க கத்துக்கிட்டதும் அப்படியே போயிராம, திரும்பி வந்து எனக்கும் சீட்டப் புடிக்கணும்.