கம்பளி சுற்றிய மெஷின்

மார்கழிக் காலையில் காவலூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு ஃபிட்டரும் அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் மாட்டுன மெஷினு, காத்துல கீற சூட்ட எடுத்து பங்களா நீச்சல் குளத்துல வுடுது," என்றார் ஃபிட்டர்.

"இந்தக் குளுர்ல இன்னா மாமா சூடு? தண்ணி சூடாவல, கழட்டி எடுத்துனு போன்னு மொதலாளி கத்துனாராமே?"

"போய்ப் பாத்தா, வாட்ச்மேன் மெஷினுக்குக் கம்பளி சுத்திக் கீறாரு. ஜில்லுனு ஊதுது, உதறுது, குளுர் ஜுரம்னு நெனச்சிட்டாராம். காத்து போவலன்னா சூட்ட எங்கேர்ந்து எடுக்கும்? அவுத்துட்டேன். இன்னிக்குக் காலையில மொதலாளி தண்ணில எறங்கினாரு. கூப்ட்டாலும் ஏறல."

நடத்துனர் வந்தார். மச்சான் பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ரெண்டு ஆலங்காயம். இவரு எங்க அக்கா வூட்டுக்காரருங்க. காத்துலேர்ந்து வெந்நீர் எடுக்கிறவரு."