அக்கரையில் நின்ற ஒரு கை

சோடா பாட்டில் உடைகிறது. என் காலுக்கு ஒரு முழம் தள்ளி. அடுத்தது படகின் விலாவில். ‘பொத்’ என்று. ஃபைபர் படகு அப்படித்தான் சத்தம் போடும். நான் ஓடுகிறேன். எழுபத்திரண்டு வயதில், நோணாங்குப்பம் ஆற்று மணலில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னால் பக்கத்து வீட்டுச் செல்வி கத்துகிறாள்.

“குனிஞ்சிக்க அத்தே, கல்லு வருது.”

குனிந்தேன். பிழைத்தேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். ஒன்றையும் விடாதே என்று சொல்லியிருக்கிறேன். டி.வி.க்காரர்கள் சட்டசபை வாசலில் நின்றார்கள். ஆட்சி விழுந்தது அங்கே இல்லை. இங்கே. நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு. ஒரு கை குறைந்தாலும் முதல்மந்திரி நாற்காலி போகும். அந்தக் கை எங்கள் எம்.எல்.ஏ.வுடையது. எதிர்க்கட்சி இழுத்துவிடும் என்று பயந்து, சொந்தக் கட்சியே அவரை நாலு நாளாக அக்கரை விடுதியில் ஒளித்து வைத்திருந்தது. அன்று காலை எதிர்க்கட்சி வண்டிகள் அக்கரைச் சாலையை அடைத்துவிட்டன. மீதி இருந்த வழி தண்ணீர். படகெல்லாம் எங்களுடையவை. போட் ஹவுஸில் ஓட்டுவதும் எங்கள் பிள்ளைகள்.

ஒளித்தவர்கள் எங்கள் ஊர் வழக்கத்தைக் கேட்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் இறங்காது. முதல் நாள் சாயந்திரம் அஞ்சலாட்சி போய்விட்டாள். என் கூட்டாளி. மகன் பிரான்சிலிருந்து வரவேண்டும் என்று ஐஸ் பெட்டியில் காத்திருந்தாள். அந்த மகன் ஒரு தடவை சீஸ் கொண்டுவந்தான். கருவாடு தோற்றது, அப்படி ஒரு வாடை. நான் இரண்டு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்தே கால். என் மகன் ஏழுமலை படகைத் தள்ளுகிறான். போட் ஹவுஸில் அவனுக்கு வேலை வாங்கித் தந்தவர் அந்த எம்.எல்.ஏ. படகு இறங்கினால் ஊர் எங்களைத் தள்ளி வைக்கும். கல்யாணத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். நான் செத்தால் தூக்க ஆள் இருக்காது. ஊரார் குறுக்கே நிற்கிறார்கள். கரையில் எம்.எல்.ஏ.வின் கட்சிக்காரர்கள் முப்பது பேர். அக்கரையில் எம்.எல்.ஏ.வின் வெள்ளைச் சட்டை கையை ஆட்டுகிறது. அப்போதுதான் கட்சிக்காரர்கள் பக்கமிருந்து முதல் பாட்டில்.

நான் ஓடியது வீட்டுக்கு இல்லை. படகுக்கு. ஏறி நடுவில் உட்கார்ந்தேன்.

“எறங்கும்மா. ஒரு நட போய்ட்டு வந்துடறேன்.”

“எனக்குப் பால் இல்லாதப்ப உனக்குக் குடுத்தவடா அவ. அவள மண்ணுல வைக்காம நீ தண்ணில எறங்குவியா?”

ஏழுமலை கையை எடுத்தான். அந்த நேரம் கல். அவன் வாயில். ரத்தம் சட்டைவரை. கட்சிக்காரன் ஒருவன் ஆத்திரத்தில் கட்டையால் எஞ்சினை அடித்தான். ஐந்து அடி. எண்ணினேன். நான் எழுந்திருக்கவில்லை.

பத்து ஐம்பது. அஞ்சலாட்சி மகனின் கார் வந்தது. கல்லெறிந்தவர்கள் அவன் காலில் விழுந்து சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். அவன் இவர்கள் யாரென்று புரியாமல் விழித்தான். மேளம் ஆரம்பித்தது. பாடையைக் கட்சிக்காரர்களே தூக்கினார்கள். ஓட்டம். உயிரோடு இருந்தபோது அஞ்சலாட்சி அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை. மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். அழுதுகொண்டும்தான்.

கடைசிப் பிடி மண் விழுந்தபோது பதினொன்று இருபது. சட்டசபையில் ஓட்டெடுக்க விடாமல் பேச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். செல்வி வீட்டுப் படகு இறங்கியது. நடு ஆற்றைத் தாண்டவில்லை. அக்கரைச் சாலையில் எதிர்க்கட்சிக்காரர்கள் சரவெடி வெடித்தார்கள். இந்தப் பக்கம் ஒருவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். மணலில் உட்கார்ந்தான். அக்கரை வெள்ளைச் சட்டை இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

போனவற்றைச் சொல்கிறேன். ஏழுமலையின் முன்பல் இரண்டு. எஞ்சின் ஒன்று. என் இடது கால் செருப்பு. அடுத்த மாதம் ஏழுமலையின் வேலை. முதல்மந்திரி ஒருவர், மந்திரிகள் ஐந்து பேர். அவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். உயிர் என்று எண்ணினால் அஞ்சலாட்சி ஒருத்திதான். மகன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டதால் அவள் கருமாதியை எங்கள் வீட்டில் வைத்தோம். ஊர் மொத்தமும் வந்து சாப்பிட்டது.