இருநூற்றைம்பது குதிரை சக்தி

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் ஒருவர் தன் மச்சினியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவள் கழுத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் அடையாள அட்டை தொங்கியது.

“உங்க அக்கா கார்ல பெரிய டர்போ போட்டுட்டேன்மா. இப்ப இருநூத்தம்பது குதிரை சக்தி.”

“யாரு அளந்தாங்க மாமா?”

“அளக்கணுமா? டர்போ ஊதுறதுல இன்ஜினுக்குள்ள காத்து ரெண்டு மடங்கு போவுது, அப்ப பவரும் ரெண்டு மடங்கு.”

“அந்தக் காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர மாத்துனீங்களா?”

“பழசேதான்.”

“வெறும் காத்த ஊதிக்கினு இருந்தா அது பலூன், இன்ஜின் இல்ல. பெட்ரோல் பத்தலன்னா பிஸ்டன்தான் உருகும்.”

“சத்தத்தக் கேட்டுப் பாரு, எப்படி உறுமுது!”

“சத்தத்த வெச்சு குதிரைய எண்ணுற ஆளு நீங்க ஒருத்தர்தான் மாமா.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நேத்துலேர்ந்து நீலமா புகை வருதும்மா.”

அவள் சிரிப்பு நின்றது. “நீலப் புகைன்னா உள்ள ஆயில் எரியுது, பிஸ்டன் போயிருக்கும். இனிமே அந்த வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. அக்காகிட்ட நானே சொல்றேன்.”