மோரிஸ் கிளம்பாத இரண்டு வருஷம்

எங்கள் வீட்டில் எலி கிடையாது, தம்பி. வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாக இந்தத் தெருவில் எலிகளுக்கு நடந்தது அநியாயம்.

என் பெயர் சௌந்தரநாயகி. வயது ஐம்பத்திரண்டு. உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்த பஞ்சநாதன் என் வீட்டுக்காரர். உள்ளே காலில் கட்டோடு படுத்திருக்கிறார். அவருக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தூங்குகிறவரை எதற்கு எழுப்ப வேண்டும்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவர் ஆறு மாதம் தஞ்சாவூருக்கும் வக்கீல் வீட்டுக்குமாக அலைந்தார். வீட்டுக்கு வந்தால் யார் மேலாவது எரிந்து விழுவார், பெரும்பாலும் என் மேல். போக வேண்டிய நிலம் போனது. அதன் பிறகு செய்ய வேலையில்லாமல், கொட்டகையில் கிடந்த என் மாமனாரின் மோரிஸ் காரை ஒருநாள் போய்ப் பார்த்தார். முப்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. பின்சீட்டில் யார் வீட்டுக் கோழியோ அடைகாத்துக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்தார், கதவு கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டே வீட்டுக்குள் வந்து, "நாயகி, இத ஓட வச்சிடுறேன் பாரு" என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். காலையில் பழைய வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, உப்புத்தாளும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் வரைக்கும் துரு தேய்ப்பார். சாப்பிட வரும்போது மூக்கு நுனி செம்பருத்திப் பூ மாதிரி இருக்கும். உப்பில்லாத ரசத்தை ஊற்றினாலும் சத்தம் போடாமல் குடிப்பார். இரண்டு தடவை சோதித்துப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு வாய்த்த நல்ல காலம் அதுதான்.

அப்போது வேதாரண்யத்திலிருந்து என் நாத்தனார் தனபாக்கியம் கடிதம் போட்டார். "பஸ்ஸில் கண்டவர்களோடு இடித்துக்கொண்டு வர என்னால் ஆகாது. கார் தயாரானதும் நீயே வந்து கூட்டிப் போ. மிச்ச காலத்தை உன் வீட்டிலேயே கழித்துவிடுகிறேன்."

நாத்தனார் நல்லவர். ஐம்பத்தெட்டாம் வருஷம் வந்து மூன்று மாதம் இருந்தார். தினமும் என் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, "இருக்கட்டும்" என்பார். மூன்று மாதமும் அந்த ஒரு வார்த்தைதான். அவர் ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆன பிறகும், தனியாகச் சமைக்கும்போது எனக்குப் பின்னால் "இருக்கட்டும்" என்று கேட்கும். மற்றபடி அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கடிதம் வந்த மத்தியானம், வீட்டுக்காரர் தூங்கும்போது கொட்டகைக்குப் போய், இன்ஜினுக்குப் போகிற வயர்களைக் காய் நறுக்கும் கத்தியால் வெட்டினேன். முருங்கைக்காயைவிடச் சுலபமாக இருந்தது. அவர் எலி என்றார். நான் ஆமாம் என்றேன். வயலில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் கிட்டி இருபதைக் கொட்டகையைச் சுற்றி வைத்தார். அவர் கட்டைவிரல் இரண்டு தடவை அதில் மாட்டியது.

ஆறு மாதத்தில் வயரெல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. குடவாசலில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்யும் அஹமது கபீர் பாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து உதவினார். கெட்டிக்காரர். அவர் கையில் விட்டால் பொங்கலுக்குள் வண்டி கிளம்பிவிடும் போலிருந்தது. ஆகவே அரை வீசை வெல்லத்தைப் பொடித்து பெட்ரோல் டாங்கியில் போட்டேன். வண்டி நாலு தடவை இருமிவிட்டு நின்றது. டாங்கி மூடியைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

"பாய், பெட்ரோல்ல என்னத்தக் கலந்தீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"அல்லா அறிய ஒண்ணும் கலக்கலீங்க."

பாவம், வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் மோர் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. மற்றவர்களும் அவரிடம் இன்ஜின் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. கடையை மூடிவிட்டு, கூத்தாநல்லூரில் மச்சான் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்கு முதுகுவலி உண்டு. உட்கார்ந்து செய்கிற வேலை ஒத்துக்கொள்ளும்.

வீட்டுக்காரர் விடவில்லை. புத்தகம் வரவழைத்துத் தானே படித்து, டாங்கியைக் கழுவி, கதவு பொருத்தி, பச்சை பெயிண்டும் அடித்துவிட்டார். இந்தத் தை மாதம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம், அப்படியே வேதாரண்யம் போய் அக்காவைக் கூட்டி வருவது என்று முடிவானது. சனிக்கிழமை மத்தியானம், பம்புசெட் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், முன்சக்கரம் ஒன்றில் மூன்று நட்டுகளைக் கழற்றினேன். புளிப்பானையில் இருக்கின்றன, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நட்டை விட்டுவைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல.

மறுநாள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுத்தார். மதகு வரை நன்றாகத்தான் போயிற்று. அங்கே சக்கரம் கழன்று, வண்டியை முந்திக்கொண்டு தனியாக ஓடியது. வண்டி வாய்க்காலில் இறங்கியது. போய்ப் பார்த்தபோது இவர் கழுத்தளவு தண்ணீரில், மாலையோடு, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அந்தச் சக்கரம் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. அறுப்புக்கூலியை உயர்த்தச் சொல்லி விவசாயத் தொழிலாளர்கள் மதகுக்கு அந்தப் பக்கம் கொடி நட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவன் கண்ணுசாமி. அவன் அப்பன் எங்கள் பண்ணையில் இருந்தவன், என் வீட்டுக்காரரை 'ஆண்டே' என்பான். இவன் 'சார்' என்கிறான். சக்கரம் இவன் காலடியில் போய் விழுந்திருக்கிறது. எடுத்து, துடைத்து, உருட்டிக்கொண்டு வந்தான்.

"சார், உங்க சக்கரம் அங்க வந்துருச்சு."

"பாத்தீங்களா, அவன் கையிலயே இருக்கு," என்றார் இவர், தண்ணீருக்குள்ளிருந்து.

அதற்கு மேல் உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே அவனை ஜீப்பில் ஏற்றினீர்கள். அவனை விடும்வரை யாரும் அரிவாள் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எங்கள் வயல் மட்டுமில்லை, ஊர் முழுக்க சம்பாக் கதிர் முற்றி, சாய்ந்து, மணி கொட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று நாளாக அந்தச் சத்தம் வீடு வரை கேட்கிற மாதிரி இருக்கிறது.

அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள் முந்தாநாள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். "அம்மா, அவரு அந்த வண்டியத் தொட்டதுகூட இல்லங்க. அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அரைப்படி அரிசி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்காமல் போய்விட்டாள். எனக்கு அது கொஞ்சம் மனக்கஷ்டம்தான். நல்ல பொன்னி அரிசி.

இத்தனையும் நான் இன்று சொல்வதற்குக் காரணம் என் மனசாட்சி. ஒரு பாவமும் அறியாதவன் லாக்கப்பில் கிடக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. முந்தாநாளும் நேற்றுக் காலையும் பொறுக்க முடிந்தது, அது உண்மைதான். நேற்று மத்தியானம்தான் நாத்தனார் வந்தார். தம்பி வாய்க்காலில் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸிலேயே புறப்பட்டு, மூன்று டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கினார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். இவ்வளவு சௌகரியம் என்று தெரிந்திருந்தால் ரெண்டு வருஷம் முந்தியே வந்திருப்பேனே என்றார்.

ஆகவே வயரை வெட்டியது, வெல்லம் போட்டது, நட்டைக் கழற்றியது எல்லாம் நான்தான். கண்ணுசாமியை விட்டுவிடுங்கள். கொலை முயற்சி என்று போட முடியுமானால் அப்படியே போடுங்கள். ஜாமீன் எனக்கு வேண்டாம். தப்பு செய்தவள் தண்டனைக்குப் பயப்படக்கூடாது. துணிமணி கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். நாத்தனார் குளித்துவிட்டு வருவதற்குள் ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கள், தம்பி.