மூச்சில் எழுந்த கை

என் பெயர் குசுமோட்டோ சிஹாரு. வயது நாற்பத்து நான்கு. கவாசாகி நகரம், நகஹரா வட்டத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலம் பூசும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். இறந்துபோன நிஷிகோரி தெத்சுயா எனக்கு அடுத்த மேசைக்காரர்.

எங்கள் படலம் இருட்டில் இருந்தால் தண்ணீரை ஒட்டவிடாது. புற ஊதா விளக்கின் ஒளி பட்ட இடத்தில் தண்ணீர் பரவி நிற்கும். மறுபடி இருட்டில் வைத்தால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூச்சை ஊதினால் ஒளி படாத இடம் மட்டும் வெள்ளையாகப் பனிக்கும்.

ஓபோன் விடுமுறைக்கு முன் நிஷிகோரி என்னிடம், "தலைவர் சார் லீவுலயும் வரச் சொல்லியிருக்காரு. ஊரே செத்தவங்களுக்குப் படையல் வைக்குது, நான் தகட்டுக்கு வெளிச்சம் வைக்கப் போறேன்" என்றார்.

விடுமுறை முடிந்த காலை நான்தான் கூடத்தைத் திறந்தேன். நிஷிகோரி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். விளக்கு தானாக அணையும் வகை, அணைந்திருந்தது. அதன் பிறகு போலீசார் வந்து பார்த்து அவரைக் கொண்டு சென்றார்கள். அதன் பிறகு அவர் கைக்கு அடியில் இருந்த தகட்டை எடுத்து, எங்கள் வழக்கப்படி ஊதினேன். ஐந்து விரலோடு ஒரு கை வெள்ளையாக எழுந்து மறைந்தது. சுண்டுவிரல் சற்று விலகியிருந்தது.

அன்று மாலையே துறைத் தலைவர் ஹதகெயாமா, நிஷிகோரி மறந்துபோன தன் குடையை எடுக்கத்தான் வந்தார், வேலைக்கு வரவில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். அது நிலைத்தால், வேலையில் நேர்ந்த மரணம் என்று நிஷிகோரியின் மனைவி மினாகோ எங்கும் முறையிட முடியாது. அதன் பிறகு நான் தகட்டைத் தலைவர்முன் ஊதிக் காட்டினேன்.

"விளக்கு எரியும்போது கை இங்க இருந்திருக்கு சார். வேலைதான் பாத்துட்டிருந்தாரு."

"நீ எதை ஊதினாலும் ஏதாவது தெரியும் குசுமோட்டோ. விளக்குக்கடியில வெச்சுடு. நாளைக்கு அந்தத் தகடு வேணும்."

வைத்தால் அந்தக் கை அழிந்துவிடும். வைக்கவில்லை. கறுப்புத் தாளில் சுற்றி மினாகோவிடம் கொண்டுபோனேன். அவர் மூன்று முறை ஊதச் சொன்னார். "வீட்டுல ஒருநாளும் இந்த மனுஷன் கைய இப்படிச் சும்மா வெச்சதில்லக்கா" என்றார். கைபேசியில் படமெடுத்தேன், வெள்ளைப் புகைதான் விழுந்தது. தாளைப் பிரிக்காமல் போலீசிடம் கொடுக்கச் சொன்னேன். ஏன் பிரிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

நேற்று இந்தக் காவல் நிலையத்தில் அதிகாரி முன்னிலையில் தகட்டை ஊதினேன். எங்கும் பனிக்கவில்லை. அது ஒரு வாரம் சன்னலோரம் கணவர் படத்தின் முன் இருந்ததாக மினாகோ கூறினார். "எப்பவும் அந்த இருட்டுக் கூடத்துலயே கெடந்தவரு. கொஞ்சம் வெயில் படட்டும்னு பிரிச்சு வெச்சேன்" என்றார். விளக்கில் உள்ள ஒளி வெயிலிலும் உண்டு. நிழல் விழுந்திருந்த இடமும் அதில் போய்விட்டது. நான் அவரிடம், "தகடு பழசும்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஹதகெயாமா எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவர் பார்த்தார். விளக்கு எரிகையில் நிஷிகோரியின் வலது கை அந்தத் தகட்டின்மேல் இருந்தது. எந்த மன்றத்தில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாவும் நான் சொன்னபடியே, உண்மை, மாற்ற ஒன்றுமில்லை. மினாகோவுக்குப் படித்துக் காட்டும்போது வெயில் பற்றிய வரிகளை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) குசுமோட்டோ சிஹாரு