கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, என்னை எப்போது உட்கார வைக்கலாம் என்று இப்போதே கடிகாரம் பார்க்கின்ற எங்கள் உழவர் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராஜமாணிக்கம் ஐயா அவர்களே! பல்கலைக்கழகத்தின் பெருமையைத் தன் பொறுமையால் சுமக்கின்ற ஆராய்ச்சியாளர், அம்மையார் அன்புச்செல்வி அவர்களே! இந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாத கொள்கை வீரர், விதை மருந்து நிறுவனத்தின் மேலாளர், தம்பி பிரகாஷ் அவர்களே! நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காத இளைஞர்களே, ஏர் ஓட்டிய சேறு காலில் காயுமுன்னே இந்தக் கீழ்பென்னாத்தூர்க் கல்யாண மண்டபத்தை நிறைத்துவிட்ட தாய்மார்களே! உங்கள் அத்தனை பேரையும் உழவர் குழுவின் செயலாளன், கடலை மூட்டை ஏற்றும் வண்டிக்காரன், இந்த மூர்த்தி வணங்குகிறேன்.

கை தட்டாதீர்கள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை. தட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்று ஐயா எழுந்துவிடுவார்.

எனக்கு இங்கே இட்ட கட்டளை மூன்று. இரண்டு வார்த்தை பேசு, ஒரு கையெழுத்துப் போடு, ஒரு போட்டோவுக்குச் சிரி. சிரிப்பைப் பற்றிக் கவலையில்லை, அது என் முகத்தில் இலவசம். வார்த்தைக்கும் பஞ்சமில்லை. அந்தக் கையெழுத்துத்தான், என் அன்பு உள்ளங்களே, காலையிலிருந்து என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. பாருங்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டும் கால் நடக்கிறது!

வெளியே என்ன நடக்கிறது? மேகம் மேற்கே கூடுகிறது. ஆடி வாசலில் நிற்கிறது. உள்ளே என்ன நடக்கிறது? தடித்த காகிதம் ஒன்று மேசையில் படுத்திருக்கிறது. நிறுவனம் செலவு ஏற்கும், பல்கலைக்கழகம் ஆராயும், நம் குழு நிலம் கொடுக்கும் என்று மூன்று பேரையும் ஒரு முடிச்சில் கட்டும் ஒப்பந்தம் அது. ஐயா வாசிக்க வாசிக்கக் குழுவில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நிலம் நம்முடையது. வியர்வை நம்முடையது. பூச்சி விழுந்தால் பூச்சியும் நம்முடையது. ஆனால் ஆராய்ச்சியின் முடிவு இருக்கிறதே, அது மட்டும் நிறுவனத்தினுடையது! அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுக்கும்வரை அதை யாரும் யாரிடமும் வாய் திறந்து சொல்லக்கூடாது.

கிரிவலம் போனால்கூட எட்டுத் திக்கிலும் மலை கண்ணுக்குத் தெரிகிறது. இந்தக் காகிதத்தை எத்தனை முறை சுற்றி வந்தாலும் நமக்கான வரி ஒன்று தெரியவில்லையே!

பிரகாஷ் தம்பி ஐயாவின் காதில் ஏதோ சொல்கிறார். எல்லா ஊரிலும் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்கிறாராம். தம்பி, போன முறை நாங்களும் இப்படித்தான் போட்டோம். என்ன ஆயிற்று என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்கும் அனுமதி வந்திருக்காது!

சொல்கிறேன், கேளுங்கள். முன் வரிசையில் மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருக்கிற சந்திரம்மாள் அக்காவின் நிலத்தில்தான் முதல் சோதனை நடந்தது. கடலை விதைக்கு நிறுவனத்தின் மருந்தைப் பூசி, மார்கழியில் விதைத்தார்கள். அடடா, என்ன செடி, என்ன செழிப்பு! கொத்துக் கொத்தாய்க் காய், கொட்டக் கொட்டக் குவியல்! வரப்பில் போனவனெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தான். அக்கா அன்றைக்கு நடந்த நடை இருக்கிறதே, தேர் கூட அப்படி அசையாது. முறைக்காதே அக்கா, ஊரே பார்த்தது.

அந்தக் கடலையிலிருந்து விதைக்கென்று அக்கா எடுத்துவைத்தாள். ஆனி பிறந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் முறத்தில் மஞ்சளும் பூவும் வைத்து ஏந்திக்கொண்டு அவள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். விதை கேட்டு வந்தவளை வெறும் முறத்தோடு அனுப்பினால் அந்த வீட்டு நிலம் விளங்காது என்பது நம் பக்கத்து வழக்கம். யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று காகிதத்தில் இருந்தது உண்மை. காகிதம் பெட்டிக்குள் இருந்தது, முறம் கண்ணுக்கு எதிரே இருந்தது. அக்கா எந்தப் பக்கம் சாய்வாள்? அள்ளி அள்ளிப் போட்டாள்!

தப்புத்தான் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறோம். இன்னொரு தப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த விதையானாலும் ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாம் நிலத்தில் இறக்குவோம். அந்த ஆண்டு ஒருத்தரும் பார்க்கவில்லை. காலேஜ் விதையைச் சோதிப்பதா, மரியாதைக் குறைவல்லவா என்று இருந்துவிட்டோம். மரியாதையை விதைத்தோம், மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்!

அதோ தூணோரம் பொன்னி நிற்கிறாள். சொந்த விதையை விற்றுவிட்டு, அக்கா கொடுத்ததை நம்பி நிலம் முழுக்க விதைத்தவள். மழை பெய்தது, மண் நனைந்தது, முளை வரவில்லை. இங்கொன்று, அங்கொன்று, நடுவில் வெட்டவெளி. பூசிய மருந்து முதல் விளைச்சலைக் கொழிக்க வைத்தது, அந்த விளைச்சலின் முளைப்புச் சக்தியைக் கெடுத்துவிட்டது. அடுத்த வாரமே பொன்னியும் அவள் புருஷனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். இந்தச் சித்திரையில்தான் திரும்பி வந்தார்கள்.

இனிதான் என் நெஞ்சைக் குடைகிற சங்கதி. அந்த விதை முளைக்காது என்பது வைகாசியிலேயே தெரியும். யாருக்கு? இதோ என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் அம்மையாருக்கு! ஆய்வுக்கூடத்தில் முளைக்கப் போட்டுப் பார்த்திருக்கிறார், பாதிக்கு மேல் வரவில்லை. உடனே நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார், ஊருக்குச் சொல்லலாமா என்று. பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். வைகாசி முடியப்போயிற்று, பரிசீலனை முடியவில்லை.

பொறுக்க மாட்டாமல், முறங்கள் வாசலுக்கு வருமுன்னே ஒரு நாள் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். உட்காரவில்லை. மோரை வாங்கினார், குடிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"அக்கா, இத விதைக்கு வைக்காதீங்க. எண்ணெய்க்கு ஆட்டிடுங்களேன்."

அக்கா சிரித்தாள். "இன்னாம்மா நீ, இவ்ளோ படிச்சிட்டு வெதக் கடலையப் போயி செக்குல போடச் சொல்ற?"

அந்த அம்மா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அனுமதி எப்போது வந்தது தெரியுமா? ஆடி கழிந்து, பொன்னி வீட்டுப் பூட்டில் துரு ஏறிய பிறகு!

யாரைக் குற்றம் சொல்வேன்? பேசாதவரையா? பேசினால் வேலை போகும். அடுத்த ஆராய்ச்சிக்கு ஒரு கதவும் திறக்காது. தெரிந்த வாய்க்குப் பூட்டு, தெரியாத கைக்கு விதை! இதற்கா ஒப்பந்தம்? இதற்கா ஆராய்ச்சி? கார்த்திகையில் மலைமேல் தீபத்தை ஏற்றிவிட்டு, "அனுமதி வருகிறவரை எவரும் அண்ணாந்து பார்க்காதீர்கள்" என்று ஊருக்குச் சொல்ல முடியுமா? சொன்னால்தான் கேட்பார்களா?

பின்னால் யாரோ "கிழிச்சிப் போடுண்ணா" என்கிறார். கிழிக்க மாட்டேன், தம்பி. நமக்கு ஆராய்ச்சி வேண்டும். மழை கம்மியானாலும் காய் ஜாஸ்தியாகிற வித்தை வேண்டும். அதற்குச் செலவு செய்ய ஒருவர் வேண்டும், ஆராய ஒருவர் வேண்டும். பிரகாஷ் தம்பியும் நமக்கு வேண்டும், கோட்டோடு வேண்டும்! மருந்தின் சேர்மானம் உங்கள் ரகசியம், வைத்துக்கொள்ளுங்கள். லாபம் உங்கள் உரிமை, எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்காதே என்று நீங்கள் எழுதியதை இந்த முறை நாங்களும் காப்போம். முறத்தோடு வருகிறவளுக்கு எங்கள் பழைய விதையைக் கொடுப்போம். நான் கேட்பது ஒரே ஒரு வரி. நிலத்துக்கோ விதைக்கோ கேடு என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே ஆராய்ச்சி செய்தவர் உழவரிடம் சொல்லலாம், அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. இந்த ஒரு வரியை எழுதுங்கள், இப்போதே போடுகிறேன் கையெழுத்து!

என்ன தம்பி? தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டுமா? இன்றைக்கு இப்படியே போட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா? போன முறையும் 'பிறகு' என்றுதான் சொன்னார்கள், தம்பி. எங்கள் ஊர் ஆடிக்கு 'பிறகு' என்கிற மாதம் தெரியாது.

சலசலக்காதீர்கள், தாய்மார்களே. ஐயா, மணியை அடிக்காதீர்கள். ஒரே ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். அம்மையார் அவர்களே, இந்த மூன்று ஆண்டு ஆராய்ச்சி உங்கள் உழைப்பு. இது கைவிட்டுப் போனால் முதல் நஷ்டம் உங்களுக்கு. ஆகையால் உங்களையே கேட்கிறேன். அந்த வரி இல்லாமல் நீங்கள் போடுவீர்களா?

பொறுங்கள், எழுந்து வருகிறார். மைக்கை அவரிடம் தருகிறேன்.

"போட மாட்டேங்க. போன வருஷம் மோரைக்கூட குடிக்காம வந்தேன். இன்னொரு தடவ என்னால அப்படி வர முடியாது."

இப்போது தட்டுங்கள்! இப்போது தட்டாத கை எதற்கு? பொன்னி, நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? தட்டு!

அவையோரே, அம்மையார் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். நானும் வைத்துவிட்டேன். பிரகாஷ் தம்பி அந்த வரியைத் தன் போனில் எழுதிக்கொள்கிறார். தப்பில்லாமல் எழுதுங்கள் தம்பி, தலைமையாசிரியர் பக்கத்தில் இருக்கிறார். பதில் நல்லதாக வந்தால் நிலம் தயார், நாங்கள் தயார். வராவிட்டால் இந்த ஆடியும் நம் சொந்த விதையில்தான். ஈரத்துணியில் கட்டி, முளை பார்த்து, பிறகு இறக்குங்கள்.

போட்டோக்காரரே, கையெழுத்து இல்லாத படமென்று தயங்காதீர்கள். இத்தனை பேரும் ஒரே பக்கம் நிற்கிற படம் உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்காது. தலைமைக்கும் விருந்தினருக்கும், தூறல் போடத் தொடங்கியும் எழுந்து போகாத உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நிலத்தில் வேலை காத்திருக்கிறது, போய் வாருங்கள். வணக்கம்.