நகராத ஜெபமாலை

சுமலதா: …அதுக்குள்ள எந்திரிச்சிட்ட?

லூர்துமேரி: முடிஞ்சுதுக்கா.

சுமலதா: முடிஞ்சுதா! முன்னெல்லாம் நீ ஜெபத்துக்கு முட்டி போட்டா, நான் சோறு வடிச்சு, ரசம் வெச்சு, துணி மடிச்சு முடிச்சாலும் எந்திரிக்க மாட்ட.

லூர்துமேரி: பசிக்குது. பதினோரு மணிக்கு கேன்டீன்ல தின்னது.

சுமலதா: சோறு வெந்துட்டு இருக்குது, உக்காரு. ஒண்ணு கேக்கட்டுமா?

லூர்துமேரி: நாள் பூரா கம்பெனி லைன்ல உன் பக்கத்துலதான நிக்கிறேன். அங்கயே கேக்கறது!

சுமலதா: அங்க சூப்பர்வைசர் தலைக்கு மேல நிக்கிறான். இது ரூமுக்குள்ள கேக்கறது… கோச்சுக்க மாட்டியே?

லூர்துமேரி: என்ன கேக்கறன்னு பாத்துட்டு சொல்றேன்.

சுமலதா: கையில ஜெபமாலை வெச்சிருக்கியே… அதுல மணி நகரவே மாட்டேங்குது.

லூர்துமேரி: நகருதுக்கா.

சுமலதா: ரெண்டு மாசமா பாக்கறேன். பெருவெரல் ஒரே மணி மேல நிக்குது. ஒதடும் அசையல.

லூர்துமேரி: மனசுக்குள்ள சொல்றேன்.

சுமலதா: சரி.

லூர்துமேரி: நெஜமாத்தான்.

சுமலதா: சரின்னுதான சொன்னேன்…

லூர்துமேரி: இப்டி மொறைச்சிக்கிட்டு சரின்னா?

சுமலதா: நான் எங்க மொறைச்சேன்? என் மூஞ்சியே இப்டித்தான்டி.

லூர்துமேரி: …சொல்லலக்கா. ஒண்ணுமே சொல்லல.

சுமலதா: அருள் போனதுலேர்ந்தா?

லூர்துமேரி: பைக்ல அடிபட்டு பதினேழு நாள் ஐசியூல கெடந்தான். பதினேழு நாளும் நான் வராண்டாவுல முட்டி போட்டுக் கெடந்தேன். அப்பா அம்மா போனப்பறம் எனக்குன்னு இருந்தது அந்தத் தம்பி ஒருத்தன்தான். அவன மட்டும் காப்பாத்திக் குடுன்னு கேட்டேன். வேற என்ன கேட்டேன்?

சுமலதா: தெரியும்டி… தெரியும்.

லூர்துமேரி: எங்க ஊரு எலத்தகிரியில அடக்கம் முடிஞ்சு இங்க வந்தன்னிக்கு முட்டி போட்டேன். "ஆண்டவரே"ன்னேன். அதுக்கு மேல வரல. ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு கூப்புடற மாதிரி இருந்துச்சு.

சுமலதா: அப்பறம் எதுக்கு தெனமும் போடற?

லூர்துமேரி: போடலன்னா ஏன்னு கேப்ப. கேட்டா அழுதுருவேன். அப்பறம்…

சுமலதா: அப்பறம்?

லூர்துமேரி: அதையும் உட்டுட்டா எனக்கு யாருமே இல்லக்கா. ஊருக்குப் போனா வீடு பூட்டிக் கெடக்குது. கோயிலுக்குப் போனா எல்லாரும் குடும்பம் குடும்பமா நிக்கிறாங்க. இங்க சுவத்தப் பாத்து உக்காந்தாலாவது, முன்ன பேசிக்கிட்டு இருந்தோமேன்னு…

சுமலதா: இந்தா, தண்ணி குடி.

லூர்துமேரி: இத்தன நாள் உன்ன ஏமாத்திட்டேன்.

சுமலதா: நானும்தான் உன்ன ஏமாத்தினேன்.

லூர்துமேரி: நீ என்ன ஏமாத்தின?

சுமலதா: உன் பின்னாடி உக்காந்து ஃபோன் நோண்டறேன்னுதான நெனச்ச?

லூர்துமேரி: ஆமா. எனக்கோசரம் சத்தத்தக் கொறைச்சு வெச்சுப் பாக்கறன்னு நெனச்சேன்.

சுமலதா: ஃபோன் சும்மா கையில கெடந்துச்சு. நீ முட்டி போட்டா நானும் கண்ண மூடிக்குவேன். உங்க ஜெபம் எனக்குத் தெரியாது. தமிழ்ல சாமிகிட்ட பேசவும் வராது… அஞ்செட்டியில எங்க வீட்டுல கன்னடம்தான? கன்னடத்துலயே பேசுவேன்.

லூர்துமேரி: யாருகிட்ட? உங்க மாதேஸ்வரன் சாமிகிட்டயா?

சுமலதா: இல்ல. உன் சாமிகிட்ட.

லூர்துமேரி: உன் பொண்ணு உன் ஃபோன எடுக்கணும்னு கேட்டியா?

சுமலதா: அதையும் ஒரு நாள் கேட்டேன். எடுக்கல. அவ அப்பன் வீட்டுலயே இருக்கறா, எம்மேல கோவம்… ஆனா தெனமும் கேட்டது அது இல்ல.

லூர்துமேரி: பின்ன?

சுமலதா: சிரிக்கக் கூடாது.

லூர்துமேரி: சிரிக்கல. சொல்லுக்கா.

சுமலதா: "இந்தப் பொண்ணு உங்கிட்ட பேசறதில்ல. கோவத்துல இருக்கறா, அதுல தப்பு இல்ல. ஆனா தெனமும் வந்து உன் முன்னாடி உக்காந்துட்டுத்தான் போறா, அத மட்டும் பாத்துக்க. அவளுக்குப் பேச்சு வர்ற வரைக்கும் அவளுக்கும் சேத்து நான் பேசறேன்"னு.